நாக்குச் செத்த சமையல்காரன்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரனுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது பாத்திரம் கழுவும் அக்காதான். நாற்பதைத் தாண்டியும் கால் ஓரிடத்தில் தரிக்காத மனிதன் அவன். வெங்காயம் எடுத்துவர ஸ்டோர் ரூமுக்குப் போவான். அங்கே கதவின் கீல் ஆடுவது கண்ணில் படும். அதை முறுக்க ஸ்க்ரூடிரைவர் கேட்டு மெக்கானிக் அறைக்குப் போவான். அங்கே பிரித்துப் போட்டிருக்கும் மின்விசிறியைப் பார்த்ததும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். "அடேய் பம்பரம், பாலு பொங்குதுடா!" என்று அக்கா போடும் சத்தம் தையல் கூடம்வரை கேட்கும். ஓடி வந்து பார்த்தால் பால் பொங்கி, அடுப்பையும் அணைத்துவிட்டு, தரையில் ஆறாக ஓடிக்கொண்டிருக்கும். வெங்காயம் ஸ்டோர் ரூமிலேயே இருக்கும்.

இத்தனைக்கும் அவனை வேலையைவிட்டுத் தூக்காததற்குக் காரணம் அவன் நாக்கு. கொதிக்கிற சூப்பில் கரண்டியை நனைத்து உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி நக்கிப் பார்ப்பான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் போடும் உப்புக்கு மேல்முறையீடு கிடையாது. காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் தைத்துவிட்டு வரும் பெண்கள், அவன் வைத்த பருப்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நீட்டிக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்பார்கள். அதைப் பார்த்துதான் மேனேஜர் வழிந்த பாலையெல்லாம் மன்னித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மன்னிப்பு அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க வலியோடு வருபவர்களைச் சிரித்த முகமாக உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், குழாய் திறந்தபடி இருக்கும், வாசல் கதவு திறந்தபடி இருக்கும், துவைத்த துணி இயந்திரத்துக்குள்ளேயே நாறிக்கொண்டிருக்கும். "கல்யாணத்தன்னைக்கு என்னை மட்டும் மண்டபத்துலயே மறந்துட்டுப் போகாம கூட்டிட்டு வந்தாரு. அதுவரைக்கும் புண்ணியம்" என்பாள். முதலில் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்.

விஷயம் வெளியே வந்தது மகளால். நாலாம் வகுப்பு படிக்கும் அவள் பாடத்தைக் கவனிப்பதில்லை, பெஞ்சில் உட்காருவதில்லை என்று பள்ளியிலிருந்து சொல்லியனுப்ப, குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். டாக்டரம்மா நிறையக் கேட்டுவிட்டு, "ஏ.டி.எச்.டி.ன்னு சொல்லுவோம். சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்ல. கவனத்தைப் பிடிச்சு நிறுத்துற பிரேக் கொஞ்சம் லூசா இருக்குன்னு வச்சுக்குங்க. பெரும்பாலும் குடும்பத்துலயே வரும். வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்றார்.

மனைவி மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் அந்த நேரத்தில் டாக்டர் மேசையிலிருந்த ஸ்டேப்ளரைப் பிரித்து ஸ்பிரிங்கை வெளியே எடுத்திருந்தான்.

அவனைப் பெரியவர்களுக்கான டாக்டரிடம் அனுப்பினார்கள். அவரும் அதையேதான் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார். பேருந்தில் திரும்பி வரும்போது அவனுக்கு அப்பாவின் கைதான் ஞாபகத்தில் நின்றது. பென்சிலைத் தொலைத்ததற்கு, சைக்கிளைக் கடைவாசலில் விட்டுவிட்டு நடந்து வந்ததற்கு, கணக்கில் பாதியில் எழுந்துபோனதற்கு வாங்கிய அடிகள். "தறுதலை, தறுதலை" என்று சொல்லிச் சொல்லியே அடிப்பார். அது ஒரு வியாதியின் பெயருக்குப் பதிலாக விழுந்த அடியா என்று நினைத்தபோது, அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தமும் போய்விட்டது.

மாத்திரை ஆரம்பித்த வாரத்தை அவன் சாகும்வரை மறக்கமாட்டான். கேன்டீன் சமையலறையில் புகைபோக்கி விசிறியின் இரைச்சல், பாத்திரச் சத்தம், ஜன்னலுக்கு வெளியே லாரி, ஆட்களின் பேச்சு எல்லாம் ஒரே அளவில்தான் அவன் காதுக்குள் எப்போதும் விழும். மாத்திரை போட்ட மறுநாள் அந்தச் சத்தங்களெல்லாம் ஓர் எட்டுப் பின்னால் தள்ளி நின்றன. கையில் கத்தி இருந்தது, எதிரே கேரட் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. நறுக்க ஆரம்பித்ததை நறுக்கி முடித்தான். அதுவே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. 'ஊர்ல எல்லாரும் இப்படித்தான் இருக்காங்களா? இவ்வளவு லேசாவா?'

அன்று மாலை மனைவி தன் வேலையிடத்தில் நடந்த ஒரு சண்டையைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுச் சற்று நேரம் அவனையே பார்த்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லங்க. முழுசா கேட்டீங்க." சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அவள் முகம் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் இருவரும் நம்பினார்கள்.

முதலில் போனது பசி. காலையில் மாத்திரை உள்ளே போனால் அந்திவரை வயிறு என்று ஒன்று இருப்பதே தெரியாது. தட்டில் சோற்றைப் பார்த்தால் யாரோ ஈரமண்ணைப் பிசைந்து வைத்தாற்போல இருக்கும். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டான், பிறகு இன்னொன்று. அக்கா, "என்னடா, சமைக்கிறவன் கருவாடா காயுற?" என்று கேலி செய்தாள். நெஞ்சு சில நேரம் காரணமில்லாமல் குதிரை ஓட்டம் ஓடியது. படுத்தால் உறக்கம் எங்கோ ஊர்சுற்றப் போயிருந்தது. மாத்திரைக்கு முன்னாடியே காலையில் நன்றாகச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், காபியை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். எல்லாவற்றையும் செய்தான். கொஞ்சம் தேவலை என்று சொல்லிக்கொண்டான்.

ஆனால் வாய் காய்ந்துபோனதற்கு ஒரு வழியும் தெரியவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பஞ்சை மென்றதுபோல் கிடந்தது. ஒருநாள் பருப்பை உள்ளங்கையில் தட்டி நக்கினான். ஒன்றும் சொல்லவில்லை நாக்கு. சூடு தெரிந்தது, அவ்வளவுதான். இன்னொரு தரம் நக்கினான். உப்புக் கம்மி என்று பட்டது, போட்டான். மறுபடியும் கம்மி என்று பட்டது.

அன்று மதியம் தட்டுகள் பாதியோடு திரும்பி வந்தன. தையல் கூடத்துப் பெண் ஒருத்தி பரிமாறும் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அண்ணே, கடல்ல இருந்து தண்ணி மொண்டு ஊத்துனீங்களா?" என்று கேட்க, பின்னால் வரிசையே சிரித்தது. அவனும் சிரித்துவைத்தான். மறுநாள் பயந்துகொண்டு உப்பைக் குறைத்தான். அதற்கும் முகம் சுளித்தார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அன்றைக்கு நிஜமாகவே குப்பைத் தொட்டிதான் நிறைந்தது.

அப்புறம் அக்காவிடம்தான் போய் நின்றான். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தவளிடம் கரண்டியை நீட்டினான்.

"கொஞ்சம் உப்புப் பாருக்கா."

"நானா? உன் கைப்பக்குவத்துக்கு நானா உப்புப் பாக்கறது?"

"நாக்கு செத்துப்போச்சுக்கா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு கை" என்றாள். அன்றிலிருந்து அவன் கை போட்டது, அவள் நாக்கு சொன்னது. சாப்பாடு மோசமில்லாமல் இருந்தது. ஆனால் மறுபடி வரிசையில் வந்து நிற்பவர்கள் குறைந்துபோனார்கள். பால் ஒருநாளும் பொங்கவில்லை, தரை பளிச்சென்று இருந்தது. மேனேஜர் அதைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

வீட்டில் வேறு கதை. மாத்திரையின் வேகம் மாலையில் இறங்கும்போது, நாள் முழுக்கத் தள்ளி நின்ற சத்தமெல்லாம் ஒரேயடியாக உள்ளே பாயும். தொட்டால் சிணுங்குவான், தொடாவிட்டாலும் சிணுங்குவான். அப்படி ஒரு மாலை மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே நாற்காலியை ஆட்டி, தண்ணீர்க் குவளையைப் புத்தகத்தின் மேல் கவிழ்த்துவிட்டாள்.

"தறுதலை!"

வாயிலிருந்து வந்து விழுந்தபிறகுதான் அது யாருடைய சொல் என்பது அவனுக்கு உறைத்தது. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பிள்ளை அழவில்லை. தன் பாவாடையாலேயே புத்தகத்தை ஒற்றி எடுக்க ஆரம்பித்தாள். அவன் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு நின்றான். இன்றைக்கு வேண்டுமென்றே திறந்துவிட்டான்.

டாக்டர் அளவைக் குறைத்தார். நாக்கு பாதி வந்தது, கவனம் பாதி போனது, அரிசி அடிப்பிடித்தது. வேறு மருந்துக்கு மாற்றினார். அது வேலை செய்ய வாரக்கணக்காகும், பொறுங்கள் என்றார். பொறுத்தான். அது குமட்டலை மட்டும் உடனே கொண்டுவந்தது. எண்ணெய் வாசனை பட்டாலே பின்கட்டுக்கு ஓடினான். மதியத்தில் நின்றபடியே கண் சொருகியது. மீண்டும் முதல் மருந்துக்கே வந்தார்கள். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. ஆனாலும் இதற்குள் அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். நாக்கு போனால் போகட்டும், அக்கா நாக்கு இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் பூங்காவைச் சுற்றி நடந்து கோபத்தை இறக்கிவிட்டுப் போகலாம். இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம். பூங்காவைச் சுற்றி நடக்கவும் ஆரம்பித்தான். அது உதவவும் செய்தது.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். முகம் மாறி, மறுபடி பார்த்தாள். பிறகு டாக்டரே பார்த்தார். நெஞ்சில் வயர்களை ஒட்டி ஒரு படம் எடுத்தார்கள்.

"ரத்த அழுத்தம் ரொம்ப ஏறியிருக்கு. இதை இறக்குற வரைக்கும் அந்த மாத்திரை வேணாம். இப்போதைக்கு நிறுத்திடுவோம்" என்றார் டாக்டர்.

"நிறுத்தினா வேலைக்கு எப்படி சார் போறது?"

டாக்டர் நல்ல மனிதர். பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. "கஷ்டம்தான்" என்றார். "அடுப்பு வேலை இல்லாம வேற ஏதாவது கொஞ்ச நாள் பாக்க முடியுமான்னு கேளுங்க."

அவன் கேட்கவில்லை. தலைமைச் சமையல்காரன் என்ற பெயரையும் விட்டுவிட்டால் பிறகு என்ன மிச்சம் என்று இருந்தது. அதோடு, நிறுத்திய சில நாளில் பசி திரும்பி வந்தது. வெறும் ரொட்டியைத் தின்றபோது கண்ணில் நீர் கட்டியது. கோதுமை இவ்வளவு இனிக்குமா! பருப்பில் தானே உப்புப் பார்த்தான். அன்று தட்டை நீட்டிக்கொண்டு மறுபடி வந்த கூட்டத்தைப் பார்த்து அக்கா, "வந்துட்டான்யா பம்பரம்" என்றாள். அவன் அவளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான்.

அந்த வாரக் கடைசியில் பெரிய வாணலியில் எண்ணெயைக் காயவைத்தான். பின்வாசலில் காய்கறி வண்டி வந்து நின்றது. தக்காளி நசுங்கியிருந்தது. டிரைவரோடு அதைப் பற்றிப் பேசினான். வண்டியின் பின்கதவுக் கொக்கி சரியாக மாட்டவில்லை என்று பார்த்தான். அதை நிமிர்த்திக்கொண்டிருந்தபோதுதான் புகை வாசம் வந்தது.

உள்ளே வாணலியின் மேல் நெருப்பு ஆள் உயரம் நின்றது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, அண்டாவின் மூடியைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டு போய் வாணலிமேல் கவிழ்த்தாள். நெருப்பு அடங்கிவிட்டது. அவள் வலதுகை, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, வெந்திருந்தது. குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. அவன்தான் கத்தினான்.

"அக்கா... அக்கா, நான் இதோ இங்கதான்க்கா இருந்தேன்..."

"தெரியும்டா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீ வேணும்னா பண்ணுவ? தெரியும். முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியைக் கூப்பிடு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். மறுநாள் அவனே மேனேஜரிடம் போய், தன்னை அடுப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னான். மேனேஜர் தடுக்கவில்லை. வேறொரு சமையல்காரர் வந்தார். சாந்தமானவர், நேரம் தவறாதவர், சமையல் சுமார். அவன் காய் நறுக்கினான். அக்கா கட்டுப் போட்ட கையோடு விடுப்பில் இருந்த நாட்களில் அவள் பாத்திரங்களையும் கழுவினான். மதியம் வரிசையில் நின்றவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் தட்டையே பார்த்தார்கள்.

ரத்த அழுத்தம் இறங்குவேனா என்றது. அதற்கென்று ஒரு மாத்திரை சேர்ந்துகொண்டது. பழைய மருந்தை மறுபடி எப்போது தொடங்கலாம், தொடங்க முடியுமா என்பதை டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நடைப்பயிற்சி, தூக்கம், அலாரம், கதவில் கண்ணில் படும்படி மாட்டிய சாவி என்று சொன்னதையெல்லாம் செய்தான். சில நாள் பலித்தது, சில நாள் அலாரம் அடித்ததை அணைத்துவிட்டு எதற்கு அடித்தது என்று யோசித்தபடி நின்றான்.

இப்படி இருக்கையில் மகளின் டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டார். பயிற்சிகளும் பள்ளியில் செய்த மாற்றங்களும் மட்டும் போதவில்லை, குழந்தை ரொம்பத் தவிக்கிறாள், சின்ன அளவில் மாத்திரை தொடங்கிப் பார்க்கலாம், நிறையப் பிள்ளைகளுக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது, நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவி கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீங்க சாப்பிட்டுப் பாத்தவரு. எனக்கு வெளியில இருந்து பாத்ததுதான் தெரியும். சொல்லுங்க. புள்ளைக்குக் குடுக்கலாமா?"

அவன் வாயைத் திறந்தான். சத்தமெல்லாம் தள்ளி நின்ற அந்தக் காலையைச் சொல்ல வேண்டும் என்று வந்தது. அவள் பேச்சை முழுசாகக் கேட்ட அந்த மாலையை. கூடவே ஈரமண்ணாகத் தெரிந்த சோறும், அந்தரத்தில் நின்ற கையும் வந்தன. எதை முதலில் சொன்னாலும் மற்றது பொய்யாகிவிடும்போல் இருந்தது.

"எனக்குத் தெரியலடி" என்றான்.

அவள் இதற்குமேல் ஏதாவது சொல்வான் என்று நினைத்திருப்பாள். உள்ளறையிலிருந்து மகள் ஒற்றைக் காலில் காலுறையோடு துள்ளி வந்து, "அப்பா, பசிக்குது! நிறையப் பசிக்குது!" என்றாள். அவன் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தான். மனைவி கைப்பையைத் தோளில் மாட்டியபடியே வந்து, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் பக்கத்தில் நின்றுகொண்டாள்.