அரைச்சுத்து ஆறுச்சாமி

பனியன் கம்பெனிகள் நிறைந்த நெருப்பெரிச்சலில், துணி பின்னும் நிட்டிங் மெஷின்களைப் பழுது பார்க்கிற ஃபிட்டர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஆறுச்சாமி கை வைத்த மெஷின் என்றால் மற்ற ஃபிட்டர்கள் ஒதுங்கிப் போய்விடுவார்கள். அவர் திறமையைக் கண்டு அல்ல. அவர் முடுக்கிய நட்டை அவரே வந்து கழற்றினால்தான் உண்டு. எல்லாரும் நிறுத்துகிற இடத்தில் அவரும் நிறுத்துவார், ஒரு மூச்சு வாங்குவார், அப்புறம் இன்னொரு அரைச்சுற்று சுற்றுவார். அப்போதுதான் அவருக்கு மனசு ஆறும். கம்பெனியில் அவருக்கு வைத்த பெயர் அரைச்சுத்து ஆறுச்சாமி. அது பட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மூடிய ஊறுகாய் பாட்டிலைத் திறக்க அவர் மனைவி கருத்தம்மா பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட வேண்டும். தண்ணீர்க் குழாயில் மாதம் ஒரு வாஷர் தேயும். ஓர் இடத்தில் உட்காரவும் மாட்டார். கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போனால் இலை போடுவதற்குள் மேஜைக்கடியில் குனிந்து போல்ட் ஆடுகிறதா என்று பார்ப்பார். நாற்பத்தொரு வயது மனுஷன், சும்மா இருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்.

கருத்தம்மா உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. பனியன் வேலைக்கு வந்து இந்த ஊரோடு தங்கிவிட்டவள். செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எங்கே என்று பார்த்து, அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இருவருக்கும் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். பிள்ளை இல்லை. வெள்ளகோவிலில் வாழ்க்கைப்பட்ட ஆறுச்சாமியின் தங்கை சண்முகப்பிரியாவின் பிள்ளைகள்தான் எங்களுக்கும் பிள்ளைகள் என்று வெளியே சொல்லிக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளை ஆறுச்சாமி ஒரு நாளும் தூக்கியதில்லை. எண்ணெய்க் கை, வேலைக் கை என்று நழுவிவிடுவார். உண்மையில் அது பயம். தன் கை எங்கே போய் நிற்கும் என்று அவருக்கே தெரியாது.

தங்கையின் மூத்த பையனுக்கு நான்கு வருஷத்துக்கு முன்னால் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அன்றைக்குப் பார்த்துக் கம்பெனியில் ஒரு மெஷின் நின்றுவிட்டது. வேறு ஃபிட்டர் இருந்தும், இதோ ஒரு நட்டு, இதோ இன்னொரு நட்டு என்று இவர் அங்கேயே கிடந்தார். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா மகன் சுரேஷ் மடியில் காதுகுத்து முடிந்து, பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சுரேஷும் மாமன் முறைதான், குற்றமில்லை. ஆனால் பையனை மடியில் வைத்துக்கொண்டு சுரேஷ் சிரிக்கிற போட்டோ தங்கை வீட்டு ஹாலில் பெரிதாகத் தொங்குகிறது. எப்போது போனாலும் ஆறுச்சாமி அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருவார்.

இப்போது இளையவளுக்கு முறை. ஒரு வயதுப் பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை, வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் குலதெய்வக் கோயில், பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் முகூர்த்தம். மாமன் வாங்கிய தங்கத் தோடு கருத்தம்மாவின் கைப்பையில் சனிக்கிழமையே ஏறிவிட்டது. இந்தத் தடவையும் மடி தவறினால் தங்கை இனிமேல் தன்னைக் கூப்பிடவே மாட்டாள் என்று ஆறுச்சாமிக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை.

அப்படிப்பட்ட மனுஷன் அந்த ஞாயிறு விடிகாலையில் என்ன செய்தார் என்றால், காருக்கு ஆயில் மாற்ற ஆரம்பித்தார்.

ஐந்தரைக்கே குளித்துப் புது வேட்டி கட்டியாகிவிட்டது. கிளம்ப வேண்டியது எட்டு மணிக்கு. இரண்டரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டுமே. ஆயில் மாற்றி எட்டு மாதமாகிறது, ஐம்பது கிலோமீட்டர் போகப் போகிறோம், கால் மணி நேர வேலை என்று வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டுப் பழைய லுங்கியோடு காருக்கடியில் புகுந்தார். அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயிலைப் பேசினில் இறக்கினார். அதுவரை எல்லாம் சரி. ஃபில்டர்தான் வரவில்லை.

இன்ஜினுக்கடியில் வாய் மேலாகத் தொங்குகிற ஒரு தகர டப்பா, அவ்வளவுதான் ஃபில்டர். எட்டு மாதத்துக்கு முன்னால் அதை விற்ற கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார்: "ரப்பர் ஒட்டற வரைக்கும் கையில திருகுங்க. அப்பறம் முக்காச் சுத்து, அதும் கையிலயே. கைப்புடி போதுங்க, ஸ்பேனர் வெச்சறாதீங்க." ஆறுச்சாமி அதைக் கேட்டுச் சிரித்தார். வீட்டுக்கு வந்து ஸ்பேனர் வைத்து முடுக்கினார். மூச்சு வாங்கினார். இன்னொரு அரைச்சுற்றும் சுற்றினார்.

இப்போது கையால் திருகிப் பார்த்தார், வழுக்கியது. பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றிப் பிடித்தார், துணிதான் சுற்றியது. கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய மெஷின் பெல்ட்டை டப்பாவில் சுற்றி, நடுவில் இரும்புக் கம்பி செருகி முறுக்கினார். அசைந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. புலம்பினார். கருத்தம்மா வந்து, டப்பாவைத் துடைத்து, பையிலிருந்து ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்து, முனை வாசல் கேட்டைப் பார்க்கிற மாதிரி அதில் ஒட்டிவிட்டுப் போனாள். நகர்ந்தால் தெரியும்.

ஏழு மணி. காருக்கடியில் கையை வீச இடமில்லை என்று எழுந்து வந்து, பானெட்டைத் திறந்து, மேலிருந்து கையை நுழைத்துக் கம்பியைப் பிடித்தார். மேலிருந்து நல்ல பலம் கிடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இடப்பக்கமாக இழுத்தார். ஒரு டீ குடித்தார். மறுபடி இழுத்தார். உள்ளே போய்க் கடிகாரம் பார்த்தார். வந்து இழுத்தார்.

எட்டே காலுக்குத் தங்கையின் போன் வந்தது.

"கெளம்பீட்டீங்ளாண்ணா?"

"கெளம்பியாச்சு கண்ணு," என்றார் ஆறுச்சாமி, கையில் கம்பியோடு. "ரோட்டுலதான் வந்துட்டிருக்கறம்."

கருத்தம்மா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பைக் இருக்கிறது, அதில் போய்விடலாமே என்று அப்போதே சொன்னாள். இவருக்குக் காதில் விழவில்லை. ஆரம்பித்த வேலையைப் பாதியில் விட்டு அவருக்குப் பழக்கமே கிடையாது. ஐந்து நிமிஷம் என்றார். ஒன்பது மணிக்கும் ஐந்து நிமிஷம் என்றார். இரண்டாவது போனுக்குக் காங்கயம் தாண்டிவிட்டோம் என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவரை ஃபில்டரின் வயிற்றில் குத்தி, சுத்தியலால் அடித்து மறுபுறம் வரவழைத்து, அதையே பிடியாக வைத்து இழுத்தார். தகரம் கிழிந்தது. உள்ளே மிச்சமிருந்த கறுப்பு எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. ஆனால் அந்தக் கிழிசலுக்கிடையில் ஏதோ ஒன்று லேசாக நகர்ந்த மாதிரி இருந்தது.

"நவந்துருச்சு பாரு," என்று கூவினார். "டார்ச் அடி."

கருத்தம்மா போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்தாள். ஒரு நாளைக்கு ஆயிரம் துணி பார்க்கிற கண்.

"ஏங்க, அடியில படுத்திருந்தப்ப எந்தப் பக்கமா திருகுனீக?"

"வீட்டுப் பக்கமா. ஏன்?"

"அம்பு கேட்டைப் பாத்து நின்டுச்சு. கழட்டுறதா இருந்தா வீட்டுப் பக்கமாத்தான வரணும். இது செவத்துப் பக்கமால்ல போயிருக்கு."

ஆறுச்சாமி கம்பியைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அடியில் படுத்துப் பார்க்கிறவருக்கு இடது எதுவோ, அது மேலே நின்று பார்க்கிறவருக்கு வலது. பதினெட்டு வருஷமாக ஃபிட்டர். இரண்டு மணி நேரமாக, உயிரைக் கொடுத்து, அந்த ஃபில்டரை இன்னும் முடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. கத்தலாமா என்று பார்த்தார், கத்துவதற்கு ஆள் இல்லை, அவரேதான் இருந்தார். இப்போது திசை தெரிந்துவிட்டது, இனிப் பத்து நிமிஷத்தில் கழற்றிவிடுவேன் என்று மறுபடி குனிந்தார். அப்போதுதான் மூன்றாவது போன். கருத்தம்மாவே எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

தங்கை அழவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. "ஊட்டுலதான இருக்கறீங்க, பின்னால அந்த ஒழுகற குழாச் சத்தம் கேக்குதுங்ண்ணா," என்றாள். "மொட்டைக்கு சுரேஷண்ணன உக்கார வெச்சாச்சு. அவுரு எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு ஜோடித் தோடும் வாங்கியாந்திருக்கறாரு. காதுக்கு மட்டும் பதினொன்ற வரைக்கும் பாக்கறன். அதுக்கு மேல என்னால முடியாதுங்ண்ணா."

ஆறுச்சாமி கம்பியைக் கீழே வைத்தார். பதினெட்டு வருஷத்தில் ஒரு நட்டைப் பாதியில் விட்டு அவர் எழுந்தது அன்றைக்குத்தான். பானெட் திறந்தபடி, பேசின் நிறைய எண்ணெயோடு, கிழிந்த ஃபில்டர் தொங்கத் தொங்க, கார் வாசலில் நின்றது. சோப்புத்தூள் போட்டுக் கையைத் தேய்த்தார். முழங்கை வெளுத்தது, விரல்களும் நகக்கண்ணும் வெளுக்கவில்லை. மணி பத்து. வேட்டியைச் சுற்றிக்கொண்டு பைக்கை உதைத்தார். கருத்தம்மா சீர்த்தட்டை மடியில் இடுக்கி, கைப்பையைப் பல்லில் கடிக்காத குறையாகப் பின்னால் ஏறினாள். நெருப்பெரிச்சல் தாண்டுவதற்குள், காரை மூடாமல் வந்துவிட்டோமே என்று ஒரு தடவை வண்டியை மெதுவாக்கினார். அவள் முதுகில் ஒரு குத்து விட்டாள். அதற்கப்புறம் மெதுவாக்கவில்லை. வழியெல்லாம் அவர் மனசு ஃபில்டரிலும் இல்லை, ரோட்டிலும் இல்லை. போய்ச் சேருவோமா என்று ஒரு பயம். போய்ச் சேர்ந்துவிட்டால் குழந்தையைப் பிடிக்க வேண்டுமே என்று இன்னொரு பயம்.

கோயிலுக்குள் நுழையும்போது பதினொன்று முப்பத்தைந்து. சுரேஷ் பாயில் உட்கார்ந்திருந்தான். குழந்தை மொட்டைத் தலையில் சந்தனம் பூசி அவன் மடியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. ஊசியோடு ஆசாரி முன்னால் உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. சுரேஷ்தான் முதலில் எழுந்தான். குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் பாயைக் கையால் ஒரு தட்டுத் தட்டி, "வாங்க, உக்காருங்க," என்று நகர்ந்துகொண்டான். அவனை இத்தனை வருஷம் முறைத்தது வீண் என்று ஆறுச்சாமிக்கு அப்போது தோன்றியது.

உட்கார்ந்தார். தங்கை அண்ணன் முகத்தைப் பார்க்கவே இல்லை. குழந்தையை மடியில் இறக்கிவிட்டு, கருத்தம்மா கொடுத்த தோட்டை ஆசாரியிடம் நீட்டினாள். தலை ஆடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார் ஆசாரி. ஆறுச்சாமி பிடித்தார். குழந்தை திமிறியது. அவருக்குத் தெரிந்த ஒரே வழி, இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிப்பது. குழந்தை உடம்பை வில்லாக வளைத்துக் கத்தியது. ஆசாரி ஊசியைத் தள்ளி எடுத்துக்கொண்டார்.

"மாமனுங்களே, இறுக்காதீங்க," என்றார். "இறுக்குனா ஆடத்தான் செய்யும். கைப்புடி போதுங்க."

ஆறுச்சாமிக்கு வேர்த்தது. விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். பிடி போதாமல் தலை நழுவிவிடுமோ, ஊசி எங்காவது பட்டுவிடுமோ என்று பயந்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை கெஞ்சியது. கொடுக்கவில்லை. உள்ளங்கையில் அந்தச் சின்ன மண்டையின் சூடு ஏறியது. குழந்தை ஒரு தடவை விம்மியது, நிமிர்ந்து அவர் மீசையைப் பார்த்தது, அப்படியே ஆடாமல் இருந்தது. ஆசாரி இரண்டு காதையும் முடித்துவிட்டார். அப்புறம்தான் குழந்தை அழுதது. ஆறுச்சாமியும் அழுதார், மறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை. பெல்ட்டைச் சுற்றி வீட்டுப் பக்கமாக முறுக்கியதும், அந்தக் கிழிந்த ஃபில்டர் நாலாவது இழுப்பில் கழன்று வந்தது. புதியதற்கு ரப்பரில் எண்ணெய் தடவி, அடியில் படுத்தபடி கையால் திருகினார் ஆறுச்சாமி. ரப்பர் ஒட்டியது. முக்கால் சுற்று. நிறுத்தினார். மூச்சு வாங்கினார். ஸ்பேனர் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. ஒழுகினால் என்ன செய்வது, நடுரோட்டில் ஆயில் போய்விட்டால் என்ன செய்வது என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கருத்தம்மா போனோடு வந்து காருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். தங்கை ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். பாயில் ஆறுச்சாமி, மடியில் குழந்தை. சந்தனம் பூசிய மொட்டையில் ஐந்து விரலும் அச்சாகக் கறுப்பாகப் பதிந்திருந்தன. கறை எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறவள், அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கூடவே வந்திருந்த தங்கையின் குரல் பதிவைப் போட்டாள்.

"அண்ணா, ஹால்ல அந்தப் போட்டோவுக்குப் பக்கத்துல இன்னொரு ஆணி அடிச்சுட்டனுங்க. இதத்தான் பெருசு பண்ணி மாட்டப் போறன். ஸ்டுடியோக்காரரு அந்தக் கறைய எடுத்துத் தரட்டுமான்னு கேட்டாரு. வேண்டாம், அது எங்கண்ணன் கைன்னுட்டனுங்க."

ஆறுச்சாமி ஸ்பேனரைத் தொடாமலே ஃபில்டரிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.