அக்காவின் பெயரில் ஒரு மாடி வீடு

வெள்ளைக்காரர்களுக்கு எங்கள் ஊர் ஆடுகள் என்றால் கொள்ளை ஆசை என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். மடத்து சிஸ்டர் அப்படித்தான் சொல்லுவார். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் என்ன வரைவது என்று பிள்ளைகள் கேட்டால், ஆடு வரையுங்கள், ஓலைக் கூரை வரையுங்கள், அம்மா குடத்தோடு வருவது போல வரையுங்கள், அவர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்பார். நாங்களும் வரைந்து தள்ளினோம். கடல் தாண்டி ஏதோ ஓர் ஊரில் தபாலைப் பிரித்த கிழவிகள், பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்து ஆடுகளைப் பார்த்துத்தான் ஏசு பிறந்த சேதியைத் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

விஷயம் இதுதான். எங்கள் மாதாகோயில் பங்கில் நாற்பது பிள்ளைகளுக்கு வெளிநாட்டில் ஆளுக்கொரு ஸ்பான்சர் இருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பிள்ளை. எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை அக்கா. அக்காவுக்கு வாய்த்தது ஒரு வயதான அம்மாள். அவர் அனுப்பும் உதவியில்தான் அக்காவின் படிப்பு ஓடியது. பத்தாவது முடித்ததும் அரூரில் ஹாஸ்டலில் சேர்த்து, பன்னிரண்டாவது வரை படிக்கவைத்து, அப்புறம் நர்ஸ் படிப்பு என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அக்கா அதைக் கேட்ட நாளிலிருந்து வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் போதும், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

இதற்கெல்லாம் பதிலாகப் பிள்ளைகள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வருஷத்துக்கு ஒரு அட்டை, தன் கையாலேயே வரைந்து, உள்ளே நாலு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். தபால் போய்ச் சேர நாளாகும் என்பதால் அக்டோபரிலேயே மடத்தில் ஆளுக்கொரு தடித்த தாள் கொடுப்பார்கள். ஒன்றுதான். கெடுத்துக்கொண்டால் மறு தாள் கிடையாது.

அக்காவுக்குப் படம் வராது. அவள் வரைந்த ஆட்டைப் பார்த்து அப்பா ஒரு தடவை, கட்டில் நல்லா இருக்கே என்றார். எனக்கோ கையில் கரித்துண்டு கிடைத்தால் போதும், அடுத்தவர் வீட்டுச் சுவர்கூட மிஞ்சாது. நான் மூன்றாவது படிக்கும்போது அந்த அம்மாள் அக்காவுக்கு ஒரு வாட்டர் கலர் டப்பா அனுப்பினார். பன்னிரண்டு வில்லைகள், மூடிக்குள்ளேயே கலர் கலக்கக் குழிகள், அணில் வால் மாதிரி மெத்தென்று ஒரு பிரஷ். அக்கா அதை ஒரு நாள் வைத்திருந்தாள். மறுநாள் என் பக்கம் தள்ளிவிட்டு, இனிமேல் அட்டை உன் வேலை என்றாள். அன்றிலிருந்து மூன்று வருஷம் அட்டை வரைந்தது நான், அடியில் கையெழுத்துப் போட்டது அக்கா. வெளியே தெரியக் கூடாது என்பது எங்கள் இரண்டு பேருக்குள் பேச்சு.

நான் ஆறாவது, அக்கா பத்தாவது படித்த வருஷம் அது. அக்காவுக்குக் காலையும் மாலையும் ஸ்பெஷல் கிளாஸ். தாளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எழுத வேண்டியதையும் நீயே எழுதிவிடு என்று சொல்லிவிட்டாள். அதுவரை உள்ளே எழுதுவதாவது அவள் பொறுப்பாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு முழு அட்டையும் என்னுடையது.

தாளை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தேன். மூன்று வருஷமாக ஆடு. மூன்று வருஷமாக ஒழுகுகிற கூரை. பண்டிகை நாளில் ஒரு வயதான மனுஷிக்கு இதையா அனுப்புவது என்று எனக்குத் தோன்றியது. எங்கள் அம்மா அப்படி வளர்த்திருந்தாள். வீட்டுக்கு யாராவது வந்தால், அடுப்பு மூட்டியிராத நாளிலும், இப்பத்தாங்க சாப்ட்டு எழுந்தோம் என்று சொல்ல வேண்டும். வந்தவர்களிடம் பஞ்சப்பாட்டு பாடுவது அம்மாவுக்கு ஆகவே ஆகாது. நான் ஒருமுறை விருந்தாளி முன்னால் பசிக்கிறது என்று சொல்லி, அவர்கள் போனபிறகு தொடையில் வாங்கிய கிள்ளு மூன்று நாள் நீலமாக இருந்தது.

ஆகவே நான் வீடு கட்டினேன்.

பாப்பிரெட்டிப்பட்டியில் அப்பா மூட்டை தூக்கிய மண்டிக்காரருக்கு ரோஸ் நிறத்தில் ஒரு மாடி வீடு இருந்தது. அதை அப்படியே எங்கள் ஓலைக் கொட்டாய் இருந்த இடத்தில் இறக்கினேன். சிவப்பில் நிறையத் தண்ணீர் விட்டால் ரோஸ் வரும். மொட்டை மாடியில் டிஷ் ஆன்டெனா வைத்தேன். வாசலில் பைக், அதன்மேல் அப்பா, கண்ணாடி போட்டுக்கொண்டு. அம்மாவுக்கு நீலப் பட்டுப் புடவை, கழுத்து நிறைய மஞ்சள் புள்ளிகளாக நகை. ஜன்னல் வழியாக ஒரு பிரிட்ஜ் தெரியும்படி பார்த்துக்கொண்டேன். அக்காவை நர்ஸ் உடுப்பில் நிறுத்தினேன். டப்பாவில் வெள்ளை வில்லை ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்ததால், அவள் உருவத்தைச் சுற்றிலும் பச்சை தீட்டி, உடுப்பை வெறும் தாளாகவே விட்டேன். பின்னால் சித்தேரி மலை. வானம் காய்வதற்குள் அவசரப்பட்டு மலையைத் தொட்டதில் நீலம் கொஞ்சம் வழிந்து மலைக்குள் இறங்கியது. பார்த்தால் மழை பெய்வதுபோல் இருந்தது, விட்டுவிட்டேன்.

உள்ளே எழுதுவதற்குத் தமிழ்ப் பாடத்தில் வந்த கடிதம் கைகொடுத்தது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தேன். இங்கு ஆண்டவர் அருளால் நாங்கள் அனைவரும் ஒரு குறையும் இல்லாமல் சுகமாக இருக்கிறோம் என்று எழுதினேன். தமிழில் கடிதம் எழுதுகிற எவரும் எழுதுவதுதான். வீட்டில் பிணம் கிடந்தால்கூட முதல் வரி அப்படித்தான் இருக்கும். பிணத்தின் சேதி மூன்றாவது வரியில் வரும். நான் மூன்றாவது வரியில் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லி முடித்துவிட்டேன்.

பொழுது சாய்ந்து வந்த அக்கா அட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"யாரு வூடுடி இது?"

"நம்ம வூடுதான்."

"எப்ப கட்டனோம்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லயே!"

சிரித்துக்கொண்டே அவள் கையெழுத்துப் போட்டாள். வேறு என்ன செய்வாள்? ஒரே தாள். சிஸ்டர் பார்த்திருந்தால் தடுத்திருப்பார். அந்த வாரம் அவர் வருடாந்திரத் தியானத்துக்குப் போயிருந்தார். டவுனில் அட்டைகளை ஆங்கிலத்தில் மாற்றி எழுதுகிறவர், 'ஒரு குறையும் இல்லை' என்பதை அட்சரம் பிசகாமல் மாற்றியிருக்கிறார். நல்ல வேலைக்காரர்.

தவக்காலம் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் சிஸ்டர் எங்களை நிற்கச் சொன்னார். அம்மா, அக்கா, நான். கோயிலின் பக்கவாட்டில் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. சிஸ்டரின் கையில் ஒரு கடிதமும் போட்டோவும் இருந்தன. கடிதத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த அம்மாள் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். இந்தக் குடும்பத்தைக் கடவுள் இவ்வளவு உயர்த்தியதில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இனி மனநிறைவோடு, இதைவிடக் கஷ்டப்படும் வேறொரு பிள்ளைக்குத் தன் உதவியைக் கொடுக்கப்போகிறார்.

கடைசி வரி என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார் என்பதோடு என் காது அடைத்துக்கொண்டது. சிஸ்டர் நீட்டிய போட்டோவை எட்டிப் பார்த்தேன். நரைத்த முடியோடு ஒரு பாட்டி, பக்கத்தில் சுவரில் என் ரோஸ் வீடு. அந்தச் சின்னப் போட்டோவிலும் டிஷ் தெரிந்தது.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அக்கா தரையைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிஸ்டர் கெட்டவர் இல்லை. அதை இப்போது சொல்லியாக வேண்டும். அக்காவைப் பார்த்து, "சரி, அழாதே. செவ்வாய்க்கிழமை நான் கேமரா எடுத்துட்டு உங்க வீட்டுக்கு வர்றேன். வீடு இருக்கிற நிலைமையைப் போட்டோ எடுத்து, பிள்ளை ஆசையில வரைஞ்சிடுச்சுன்னு எழுதுறேன். நல்ல மனுஷி. புரிஞ்சுக்குவாங்க" என்றார். அக்கா முகத்தில் உயிர் வந்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அதோடு நாங்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

சிஸ்டர் போகிற போக்கில் அக்காவின் தலையைத் தொட்டு, "ஆனாலும் உன் கையில இவ்வளவு திறமையா!" என்று சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படம் என்னுடையது, சட்டம் என் படத்துக்கு, அழுகை என் படத்தைப் பார்த்து, தலையைத் தடவுவது மட்டும் அக்காவுக்கா? அக்கா அப்போதாவது வாயைத் திறந்து சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள் என் கையை அழுத்திப் பிடித்தாள். உதறினேன்.

"அவ ஒண்ணியும் வரையல சிஸ்டர். நாந்தான் வரைஞ்சேன். மூணு வருசமா நாந்தான். உள்ள எழுதனதும் நாந்தான். அவளுக்கு ஆடுகூட வராது!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது கெட்டது தான்தான் என்று தெரிந்திருக்கும். நான் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

சிஸ்டர் கடிதத்தை மடித்தார். மடித்ததையே மறுபடியும் மடித்தார்.

"வீடும் பொய், கையும் பொய்யின்னா நான் அவங்களுக்கு என்னன்னு எழுதுறது? இது வெளியே தெரிஞ்சா மத்த முப்பத்தொன்பது பிள்ளைங்க அட்டையையும் யாரு நம்புவாங்க?" அவர் கேட்டது அம்மாவிடம். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அம்மா கெஞ்சியிருக்கலாம். காலில் விழுந்திருந்தால் சிஸ்டர் மனம் இளகியிருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன். அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"வுடுங்க சிஸ்டர். எங்களுக்கு என்னா கொறை? ஆண்டவரு பாத்துக்குவாரு."

பார்த்தாயா, நான் எழுதியதைத்தானே அம்மாவும் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் குரல் நடுங்கியது வெயிலில் நின்றதால் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அன்று அப்பா என்னை அடிக்கவில்லை. "படம் போட்டே வூடு கட்டிட்டா பாரு எம் மக" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அக்கா அதற்குப் பிறகும் வழக்கம்போல விடியுமுன் எழுந்து படித்தாள். பத்தாவதில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தாள். மிட்டாய் கொடுக்கவில்லை. அரூர் ஹாஸ்டலைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. ஜூன் மாதம், கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு ஆள் சேர்க்கிற புரோக்கர் எங்கள் தெருவுக்கு வந்தார்.

பிறகு நடந்ததை ஓரிரு வரியில் சொல்லிவிடலாம். அக்கா மூன்று வருஷம் நூல் ஓட்டினாள். நெஞ்சில் பஞ்சு அடைத்த இருமலோடு திரும்பினாள். நல்லம்பள்ளிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். இப்போதும் பனிக்காலம் வந்தால் அவளால் படுத்துத் தூங்க முடியாது. நான் படித்தேன். ஓவிய ஆசிரியர் பயிற்சி முடித்தேன். அதற்கும் அக்காவின் மில் சம்பளம்தான். இப்போது ஒரு தனியார் பள்ளியில் பிள்ளைகளுக்கு வாழ்த்து அட்டை வரையக் கற்றுத்தருகிறேன். அழகாக வருகிறது, மிஸ் கை ராசி என்கிறார்கள். அட்டை பற்றி அக்கா இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

ஆனால் மில்லுக்கு அவள் கிளம்பிய அன்று எனக்கு இதில் எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் புரோக்கர் சொன்னதுதான். பிள்ளைகள் தங்குவது மூன்று மாடிக் கட்டடம், ஹாலில் கலர் டிவி, குழாயைத் திருகினால் தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை முட்டை. கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. மாடி வீட்டைக் கண்டுபிடித்தது நான், அதில் குடியிருக்கப் போவது அவளா?

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் புரோக்கரோடு ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். அம்மா அக்காவின் பையைச் சும்மா திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நான் அக்காவின் தாவணியைப் பிடித்து இழுத்து, நானும் வருகிறேன் என்றேன்.

"நீ வரக்கூடாது" என்றாள் அக்கா.

"ஏன்?"

"வரக்கூடாதுன்னா வரக்கூடாது. நீ படி."

அவ்வளவு கடுமையாக அவள் என்னிடம் பேசியதே இல்லை. அட்டைக்காகப் பழிவாங்குகிறாள், நல்ல இடத்தை எனக்குத் தராமல் தான் மட்டும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று முடிவுகட்டினேன். பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்து அவள் கையை வெளியே நீட்டினாள். அம்மா ஓடிப்போய்ப் பிடித்தாள், அப்பா பிடித்தார். அப்புறமும் அந்தக் கை உள்ளே போகாமல் என் பக்கமாக விரிந்தபடியே இருந்தது. நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பஸ் போகும்வரை, வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.