ஒரே பானையில் கரைத்த மாத்திரை

என் வீட்டுக்காரரின் அண்ணன் செத்து ஆறு வருடமாகிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை.

எங்களுக்குச் செம்மறிக் கிடை. சின்னமனூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த வயல்களில் உரத்துக்காக ஆடு அடைப்போம். பெரிய ஆடுகள் ஆண்கள் பாடு. குட்டிகள் என் பாடு. கிடையில் சில ஆடுகள் எனக்குச் சொந்தம். என் ஆத்தா கொடுத்த மூன்று ஆட்டின் வம்சம். அவை பெருகினால் நானும் வீட்டுக்காரரும் தனிக்கிடை போடலாம் என்று பேச்சு. தனிக்கிடை என்றால் அண்ணன் சொன்னதற்கெல்லாம் தலையாட்ட வேண்டாம். எனக்கு வேண்டியது அதுதான்.

உலகச் சண்டை முடிந்த வருடம், ஐப்பசி மழையில் குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் கண்டது. நோய் வந்தால் ஒரே பானையில் மருந்து காய்ச்சுவோம். மூங்கில் குழாயில் மொண்டு எல்லாக் குட்டிக்கும் ஒரு வாய் ஊற்றுவோம். நோய் கண்டது, காணாதது என்று பார்ப்பதில்லை. ஒன்றை விட்டால் அதற்குக் குறை என்பார்கள். வேப்பிலைக்கும் சீரகத்துக்கும் அது சரி.

அந்த முறை வேப்பிலைக்கு நோய் கேட்கவில்லை. மலைத் தோட்டத்தில் கம்பவுண்டராக இருந்து ஊர் திரும்பியவர் ஒருவர் இருந்தார். கூலியாட்களின் வயிற்றுக்கடுப்புக்குக் கொடுக்கும் வெள்ளை மாத்திரை அவரிடம் இருந்தது. கேட்டு வாங்கினேன்.

"நோவு கண்ட குட்டிக்கு மட்டும் குடு. காலையில அரை, சாயங்காலம் அரை. நாலு நாளு. நின்னுருச்சுன்னு ரெண்டாம் நாளே விட்றாத. கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்தா கிருமி பழகிக்கிரும். பொறவு மருந்து பலிக்காது" என்றார்.

அதை அப்படியே வந்து சொன்னேன். அண்ணன் சிரித்தார்.

"பந்தியில நாப்பது எலை போட்டு நாலு எலைக்கு மட்டும் சோறு வைப்பியா ஆத்தா?"

"சோறில்ல மச்சான், மருந்து. கம்பவுண்டர் அப்படித்தான் சொன்னாக."

"அவுக மனுசனுக்கு மருந்து குடுக்குறவுக. ஆட்டைப் பத்தி எங்கிட்டக் கேளு."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

மாத்திரை முழுவதையும் அண்ணன் பானையில் கரைத்தார். ஊற்றியது நான். அதையும் எழுத வேண்டும்.

கழிச்சல் நின்றது. அதுதான் வினை. வெள்ளைத் தண்ணி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. நோய் இல்லாதபோதும் அமாவாசைக்கு அமாவாசை அண்ணன் இரண்டு மாத்திரை கரைப்பார். கம்பவுண்டர் கொடுக்க மறுத்ததும் தேனியில் ஒரு கடையில் வாங்கினார். பக்கத்துக் கிடைக்காரர்கள் கலயத்தோடு வந்து நிற்பார்கள். மீசையைத் தடவிக்கொண்டு ஊற்றுவார்.

இரண்டு வருடம் போனது. என் ஆடுகள் ஒன்பது குட்டி போட்டன. ஏழு பெட்டை. "குட்டி தேறட்டும். வீரபாண்டித் திருவிழா முடிஞ்சதும் பிரிஞ்சுக்கங்க" என்று அண்ணனே சொன்னார்.

மழையோடு கழிச்சல் திரும்ப வந்தது.

இந்தத் தடவை நான் விடவில்லை. என் ஒன்பதையும் தனிக் கூட்டில் அடைத்தேன். கம்பவுண்டர் காலில் விழாத குறையாகக் கேட்டுப் புது மாத்திரை வாங்கினேன். காலையில் அரை, சாயங்காலம் அரை. ஒரு வேளை தவறவில்லை. நான்காம் நாள் முதல் குட்டி செத்தது. ஒரு வாரத்தில் ஒன்பதும்.

கம்பவுண்டரிடம் ஓடினேன். "இதுக்கு முந்தி குடுத்திருக்கியா?" என்றார். பானையைப் பற்றிச் சொன்னேன்.

"அரைகுறையாக் குடுத்து ரெண்டு வருசமா கிருமியத்தான் வளத்திருக்கீக. இனி இந்த மாத்திரைக்கு அது சாகாது."

"வேற மருந்து?"

"எங்கிட்ட இல்ல தாயி."

பானையில் குடித்த குட்டிகளில் பாதி செத்தன. பாதி பிழைத்து நின்றன. நின்றவை வளர்ந்த குட்டிகள்; என்னுடையவை பால் மறக்காதவை. உடம்பில் தெம்பு இருந்தது, நின்றன. அண்ணன் அப்படிச் சொல்லவில்லை.

"பாத்தியா? பானையில குடிச்சது பாதி நிக்கிது. கம்பவுண்டர் பேச்சக் கேட்டது ஒண்ணு நிக்கல. குட்டி காக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு ஆத்தா தனிக்கிடை?"

"கெடுத்தது ஒங்க பானை மச்சான்."

"கேட்டியாலே, பானை கெடுத்துச்சாம்!" என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தார். தம்பி தலை நிமிரவில்லை. கையில் கயிறு இருந்தது.

அப்போது பக்கத்துக் கிடைக்காரர் ஒருவர் கலயத்தோடு வந்து வெள்ளைத் தண்ணி கேட்டார். நான் பானையைத் தூக்கி வரப்பில் கவிழ்த்தேன்.

மறுநாள் அண்ணன் புதிதாகக் கரைத்தார். குழாயை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவரே ஊற்றினார். அடுத்த அமாவாசைக்கும் ஊற்றினார்.

சித்திரையில் திருவிழா வந்தது. போனது. பிரிவதைப் பற்றி யாரும் பேசவில்லை.