சந்திரநாகூர் நெய்

தம்பி பிறந்த வருஷம் சந்திரநாகூரில் மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டிருந்தது. ஹௌராவில் ரயிலேறினால் காலைச் சாப்பாட்டின் வாசனை கையைவிட்டுப் போவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அவ்வளவு கிட்டத்தில் இருந்தாலும் அது பிரெஞ்சுக்காரர்களின் ஊர். சித்தப்பா புதுச்சேரியிலிருந்து மாற்றலாகி அங்கே சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தார். நாங்கள் காளிகாட்டில் குடியிருந்தோம்.

அம்மாவுக்குப் பிரசவம் கடினமாகப் போயிருந்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை, கூடமாட இருப்பதற்காகக் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தாள். மருந்து கிளறுவதற்காக வாங்கிவந்த கடை நெய்யை முகர்ந்து பார்த்தவள் அதை அப்படியே தூர வைத்துவிட்டாள்.

"இதுல என்ன கொழுப்பைக் கலந்திருக்கானோ, யார் கண்டா? பச்சை உடம்புக்காரிக்கு இதையா கொடுப்பா?"

சித்தி வீட்டில் கறவை இருந்தது. மறுநாள் காலையில் அப்பா அத்தையையும் என்னையும் ரயிலேற்றிவிட்டார். அத்தைக்கு வங்காளியில் ஒரு வார்த்தை தெரியாது. தெருக் குழந்தைகளோடு விளையாடி அதைக் கற்றுக்கொண்டிருந்த நான், ஏழு வயதுப் பெண், அவளுக்கு மொழிபெயர்ப்பாளர். அந்தப் பதவியில் எனக்கு ரொம்பப் பெருமை.

போய்ச் சேர்ந்ததும் பெருமை போய்விட்டது. வயல் பக்கமிருந்து கரும்புகை வந்துகொண்டிருந்தது. செத்த மாடுகளை எரிக்கிறார்கள் என்றாள் சித்தி. பால், தயிர், வெண்ணெய், நெய் எதையும் எல்லை தாண்டி இங்கிலீஷ்காரர் பக்கம் கொண்டுபோகக் கூடாதென்று உத்தரவாம். சித்தியின் பசுவுக்கு ஒன்றும் வரவில்லை. அந்த நெய்யும் நோய் வருவதற்கு முன்பே சேர்த்த வெண்ணெயை நாங்கள் போன பிறகு உருக்கியதுதான். ஆனால் எல்லையில் நிற்கிற சேவகனிடம் போய் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

யோசனை சொன்னது சித்தப்பா. "குழந்தைக்கு ஜுரம்னு சொல்லிடலாம். கம்பளியப் போத்திப் படுக்க வச்சுட்டா எவன் கிட்ட வருவான்? நெய்த் தூக்கை அவ கையில கொடுத்துடுங்கோ, அக்கா."

ரயிலடி எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே போகிற குதிரை வண்டியில் என்னைப் படுக்கவைத்தார்கள். இன்னும் சூடு ஆறாத பித்தளைத் தூக்கை விலாவோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். மேலே கம்பளி. சித்திரை மாதத்து வெயில். "கண்ணைத் திறக்காதே, முனகிண்டே இரு" என்றாள் அத்தை. முனகுவதற்கு நான் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

எல்லையில் வண்டி நின்றது. கம்பளியின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். சாலையோரத்தில் ஒரு பெரிய குழி, சுற்றிலும் சுண்ணாம்பு. சேவகர்கள் ஒரு பால்காரரின் குடங்களை அதில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெய்யோடு பிடிபட்டால் நெய்யை வைத்திருந்தவளையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"ஜ்வர்" என்று சித்தப்பா சொன்னதும் சேவகன் சட்டென்று பின்வாங்கினான். யோசனை பலித்துவிட்டது என்றுதான் சித்தப்பா நினைத்திருப்பார். ஆனால் அவன் எங்களைப் போகச் சொல்லவில்லை. திரும்பி யாரையோ கூப்பிட்டான்.

வந்தவர் டாக்டர், தொப்பி போட்ட வங்காளி. அந்த நாளில் பிளேக் எங்கும் இருந்தது. மாட்டு நோய்க்காகக் காவல் போட்ட இடத்திலேயே மனிதர்களுக்கான சோதனையும் நடந்தது, பாவம், சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. டாக்டர் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அக்குளில் கண்ணாடிக் குழாயை வைத்தார். நான் தூக்கை அணைத்திருந்த பக்கம். எடுத்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கீற்றுக் கொட்டகையைக் கையால் காட்டினார்.

அத்தைக்குப் பாஷை தேவைப்படவில்லை. கம்பளியைப் பிடுங்கி எறிந்தாள். தூக்கை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நெய்! நெய்தான் வச்சிருக்கோம்! இந்தாங்கோ, கொட்டிக்கோங்கோ! குழந்தைக்கு ஒண்ணுமே இல்லை!" பிறகு என்னைப் பார்த்து, "சொல்லேண்டி! அவா பாஷையில சொல்லு!" என்று கத்தினாள்.

எனக்கு வங்காளியும் வரவில்லை, தமிழும் வரவில்லை. டாக்டர் குனிந்து, "நாம் கீ, மா?" என்று என் பெயரைக் கேட்டார். அதற்குக்கூட வாய் திறக்கவில்லை. அத்தை என்னை இறக்கி, நடந்து காட்டச் சொன்னாள். கால் தரையில் பட்டதும் மடங்கி விழுந்தேன். அதோடு டாக்டரின் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

ஒரு சேவகன் நெய்யைக் குழியில் கொட்டினான். இன்னொருவன் என்னைத் தூக்கினான். டாக்டர் சித்தப்பாவிடம் இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். சித்தப்பா வெளுத்துப்போன முகத்தோடு அத்தையிடம் தாழ்ந்த குரலில் பேசினார். என் காதில் விழுந்தது கடைசித் துண்டு மட்டும்: "நீங்கோ வேண்டாம் அக்கா, சொன்னாக் கேளுங்கோ." அத்தை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் பின்னால் வந்தாள்.

கொட்டகைக்குள் ஒரே பினாயில் நெடி. ஒரு கட்டிலில் ஒரு வங்காளி அம்மாள் கிடந்தாள். "ஜல், ஜல்" என்று தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் யாரும் போகவில்லை. எங்கள் வீட்டில் குளித்த பிறகு என்னையே தொடவிடாத அத்தை, எழுந்து போய்த் தன் கையால் அவள் வாயில் தண்ணீர் ஊற்றினாள். திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டு என் அக்குளையும் தொடையிடுக்கையும் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். கொஞ்ச நேரம் போனதும் மறுபடியும் பார்த்தாள். "வலிக்கறதா? நிஜமாச் சொல்லு." வலிக்கவில்லை என்றால் நம்பவில்லை. அந்த அம்மாளின் குரல் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. அத்தை என் முகத்தைத் தன் மடியில் புதைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பவே விடவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் டாக்டர் மறுபடியும் குழாயை வைத்தார். உடம்பு ஜில்லென்று இருந்தது. இன்னொரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையசைத்தார். வெளியே சித்தப்பா ஒரு மரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வண்டியைக் கூப்பிடப் போனார்.

காளிகாட்டுக்கு வந்ததும் என் நாக்கு திரும்பிவிட்டது. அம்மா படுத்திருந்த அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "எனக்கு ஜுரம்னு என்னைப் பிடிச்சாம்மா. நெய் கொண்டுவந்ததுக்காக அத்தையையும் பிடிச்சு உள்ளே போட்டுட்டா!"

அம்மா அத்தையை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமாம், என்னையும் பிடிச்சுட்டா" என்றாள் அத்தை. "வெறுங்கையோட வந்துட்டேன், போ."

அம்மா படுக்கையிலிருந்து கையை நீட்டி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். தீட்டு என்று அத்தை உதறவில்லை. போலீஸ் பிடித்துக்கொண்டு போனவளிடம் அம்மா ஒரு வார்த்தைகூடக் கோபித்துக்கொள்ளாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொட்டகை வாசலில் அத்தையின் மேல் யாருமே கை வைக்கவில்லை, அவளாகத்தான் உள்ளே வந்தாள் என்பது என் நினைவுக்கு வர, நான் ஒரு குழந்தையைப் பெற்று அதற்கு ஜுரம் வரவேண்டியிருந்தது.