பழைய அட்டைக்குப் புது அட்டை

காலை ஏழு இருபது பஸ், நாற்பத்தெட்டு கேள்விகள், நர்ஸ் வசந்தா. ஜவ்வாது மலையில் என் வேலை இந்த மூன்றோடு தொடங்கியது. நாடு முழுக்க மக்கள் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எந்தக் கிருமி எந்த மாத்திரைக்கு அடங்க மறுக்கிறது என்று ஒரு பெரிய ஆய்வு நடக்கப்போகிறது. அதை எப்படி நடத்துவது என்று முன்கூட்டியே ஆய்வு செய்வது எங்கள் தொழில். பெண் பார்க்கும் முன்பே பந்தி பரிமாறிப் பார்ப்பது போல. படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மலையிலேயே வேலை பார்க்கும் வசந்தாவுக்கு மட்டும் இது விளையாட்டில்லை. ஆய்வுப் பட்டியலில் மலை இடம்பிடித்தால், வாரம் இரண்டு முறை குளிர்பெட்டியோடு ஒரு வண்டி மேலே வரும். புண்ணிலிருந்து எடுத்த சீழை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், எந்த மருந்துக்குக் கேட்கும் என்று சொல்வார்கள். வசந்தாவின் கவலைக்குப் பெயர் குப்பன். சாமை விவசாயி. மண்வெட்டி பட்ட கால், ஐந்து மாதமாக ஆறவில்லை. மூன்று வகை மாத்திரை தோற்றுவிட்டது. ஒருமுறை கீழே ஆஸ்பத்திரிக்குப் போனார். முறை வருவதற்குள் மலைக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரம் வந்துவிட்டது, எழுந்து வந்துவிட்டார்.

முதல் கேள்வி

“கடந்த மூன்று மாதங்களில் உங்கள் வீட்டில் எவரேனும் ஆன்டிபயாடிக் உட்கொண்டனரா?” ஆம் என்றால் மீதி நாற்பத்தேழையும் கேட்க வேண்டும். இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். முதல் ஊரில் இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டிலும் இல்லை. கைக்கருவியில் பதிலை அழுத்திய நொடியில் அது தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும், திருத்த முடியாது. மதியத்துக்குள் வேலை முடிந்ததில் எனக்குப் பரம சந்தோஷம்.

கடைசி வீட்டில் லட்சுமி என்ற பெண் பதில் சொன்ன கையோடு கூரைச் செருகலிலிருந்து ஒரு பையை எடுத்தார். சிவப்பும் கறுப்புமாக இருந்த கேப்சூலைப் பிரித்து, கணவரின் கைக் காயத்தில் பொடியைத் தூவினார். உப்புப் போடுவது போல அளவு பார்த்துத் தூவினார். “இதைத்தானேம்மா கேட்டேன்!” என்றேன். லட்சுமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“சாப்ட்டீங்களான்னுதான சார் கேட்டீங்க? இதப் போயி யாரு சாப்புடுவாங்க?”

மீதி மாத்திரை

மறுநாள் வசந்தா சொன்னபடி கருவியை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, அதே வீடுகளில் சும்மா பேசிப் பார்த்தோம். வெள்ளையன் என்பவர் முந்தின நாள் ‘இல்லை’ என்றவர். காய்ச்சலுக்கு வாங்கிய மாத்திரையை மலையில் யாரும் படிவத்தில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டாக்டர் ஐந்து நாளைக்குக் கொடுத்திருந்தார். அட்டை காலி. அப்பாடா, ஒருவராவது முழுசாகச் சாப்பிட்டாரே என்று நான் கை குலுக்கப் போனேன். வாசலில் ஆறு கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

“எனக்கு ரெண்டு நாள்லயே ஜொரம் வுட்டுப்போச்சி சார். மீதிய கோழிங்க முடிச்சிதுங்க. பாதியில நிறுத்தக் கூடாதுன்னு நர்சம்மாதான சொல்லிச்சி!”

பழசு எடுப்பவர்

மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஃபோன். இருபத்திரண்டு ‘இல்லை’ வந்திருப்பதால், மலையில் மாத்திரைப் பழக்கமே இல்லை, பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று யோசிக்கிறார்களாம். மலைக்குக் கீழே கண்ணமங்கலத்தில் கூடும் கூட்டத்தில் முடிவாகும். வசந்தாவின் முகம் சுண்டிவிட்டது. “கேக்க வேணாம் சார். வூட்ல மிச்சமிருக்கிற அட்டைய காட்டச் சொல்லுங்க,” என்றார்.

அடுத்த ஊருக்கு நான் முன்னதாகவே சொல்லியனுப்பினேன்: பழைய மாத்திரை அட்டைகளை எடுத்து வையுங்கள், அரசாங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தப்பு அங்கேதான் நடந்தது. மலையில் பழசைக் கேட்டு வருகிறவர், பதிலுக்குப் புதுசு ஏதாவது கொடுப்பவர். பழைய துணிக்குப் பாத்திரம், உடைந்த குடத்துக்குப் பிளாஸ்டிக் பக்கெட். காலையில் போனால் வரிசை நிற்கிறது. பக்கத்து ஊர்ச் சம்பந்தி வீட்டு அட்டைகளையும் சேகரித்துக்கொண்டு வந்திருந்தார்கள். காலாவதியான சிரப் பாட்டில்கள் வேறு. புளி மூட்டை கட்டும் கோணிப்பை இரண்டு நிரம்பியது. பதிலுக்கு எதுவும் தரமாட்டோம், எழுதிக்கொள்ளத்தான் வந்தோம் என்றதும் வரிசையின் முன்னால் நின்ற அம்மாள் இடுப்பில் கை வைத்தார்.

“இத்தப் பாத்து எழுதத்தான் இம்மாந்தூரம் ஏறி வந்தீங்களா? உங்க வூட்ல வேல ஒண்ணும் இல்லியா?”

கண்ணமங்கலம்

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நிபுணர்கள் பதினாறு பேர், போண்டா பதினாறு தட்டு. திரையில் ஜவ்வாது மலை பச்சையாக ஒளிர்ந்தது. பச்சை என்றால் பிரச்சினை இல்லை, நீக்கலாம் என்று பொருள். வசந்தா கையைத் தூக்கினார். யாரும் பார்க்கவில்லை. எழுந்து போய், மலையிலிருந்து கொண்டுவந்த ஒரு கோணிப்பையைப் போண்டா மேசையில் கவிழ்த்தார். அட்டைகள் சரிந்தன, ஒரு சிரப் பாட்டில் உடைந்து, நாற்றம் மேடை வரை போனது. தலைமை தாங்கியவர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. ஒரு அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் படிவத்தில் வரவில்லையே, சிஸ்டர்?” என்று மட்டும் கேட்டார்.

“படிவத்துல வரல சார், குப்பன் கால்ல வந்திருக்குது. அஞ்சு மாசமா சீழ் வடியுது, எந்த மாத்திரைக்கும் கேக்கல. வந்து பாக்கறீங்களா?”

மலை பட்டியலில் சேர்ந்தது. தேசிய அளவில் திட்டமிடுவது என்பது, பதினாறு பேர் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டுவது என்பதை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன்.

ஜூன் முதல் வாரம் குளிர்பெட்டி வண்டி மலை ஏறியது. ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி குப்பன் இரண்டு காலிலும் செருப்புப் போட்டுக்கொண்டு சாமைக் கொல்லைக்குக் களையெடுக்கப் போனார்.