புரதம் இல்லை என்று எழுதினேன்

நான்கு வருடங்களுக்கு முன்பு, திருவொற்றியூரில் அம்மா, மாமாவோடு ஒரே வீட்டில் இருந்தபோது நடந்தது இது. நான் அப்போது பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி இரண்டாம் ஆண்டு. எங்கள் தெருவில் அந்தப் படிப்பு என்னவென்று யாருக்கும் புரியவில்லை. பாதிப் பேர் மணலி கெமிக்கல் கம்பெனியில் வேலைக்குப் போகத்தான் படிக்கிறேன் என்று நினைத்தார்கள். மீதிப் பேருக்கு நான் டாக்டர். தலைவலி மாத்திரை எது நல்லது என்று கேட்டு வருவார்கள். நானும் மறுக்கவில்லை, கெத்தாகத்தான் இருந்தது.

என்னை டாக்டர் என்று முழுசாக நம்பியவர் மாமா. அம்மாவின் தம்பி. துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். எண்ணூர் ரோட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றால் பத்து மணி நேரம்கூட வண்டியை விட்டு இறங்க முடியாது. அதனால் தண்ணீரே குடிக்க மாட்டார். அந்தச் சமயத்தில் அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் பள்ளமாகத் தெரியும். உட்கார்ந்தே இருப்பதால் வருகிறது என்று எல்லாரும் சொன்னோம். அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல், திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஓனரிடம் எப்படியோ லீவும் கேட்டு வைத்திருந்தார்.

அந்த வாரம் எங்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை பிராக்டிகல். நோய் உள்ளவரின் சிறுநீருக்கு மேடம் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். சாதாரணச் சிறுநீரில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்துவிடுவார், புரதம் ரெடி. நார்மல் சாம்பிளை நாங்கள்தான் முறை வைத்துக் கொண்டுவர வேண்டும். என் முறை வந்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. மாமாவிடம் கேட்டேன்.

"இன்னா பாப்பா, இதுக்குலாமா காலேஜு?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் கழுவிய டானிக் பாட்டிலில் காலையிலேயே பிடித்துக் கொடுத்துவிட்டார். "நல்லா பாத்து சொல்லு. வூட்லயே டாக்டரு கீதுன்னா நான் எதுக்குப் போயி லைன்ல நிக்கணும்?"

பேப்பரில் சுற்றி, டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைக்க மனமில்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு ரயிலில் போனேன்.

சோதனை ரொம்பச் சுலபம். டெஸ்ட் டியூபில் முக்கால் பங்கு ஊற்றி மேல் பாகத்தை மட்டும் சூடு பண்ண வேண்டும். வெள்ளையாகக் கலங்கினால் ரெண்டு சொட்டு அசிட்டிக் ஆசிட். தெளிந்துவிட்டால் பயமில்லை. தெளியாவிட்டால் புரதம், அதாவது சிறுநீரகத்தில் கோளாறு இருக்கலாம். எனக்குக் கலங்கியது. ஆசிட் விட்டும் தெளியவில்லை.

பக்கத்தில் நின்ற தோழி, முந்தின பேட்ச் விட்டுப்போன முட்டை டியூபில் ஒட்டியிருக்கும் என்றாள். நன்றாகத் தேய்த்துக் கழுவி மறுபடி செய்தேன். மறுபடியும் அதே வெள்ளை. மணி நாலாகப் போகிறது. ரெக்கார்டில் அன்றைக்கே கையெழுத்து வாங்கியாக வேண்டும். "நார்மல் சாம்பிள்னா இல்லைனுதானே வரணும்? எழுதிட்டு வாடி" என்றாள் தோழி. எங்கள் லேபில் இது ஒன்றும் புதிதில்லை. என்ன வர வேண்டும் என்பது முதலிலேயே தெரியும், வந்ததை அதற்கு ஏற்ற மாதிரி எழுதிக்கொள்வோம். நானும் "புரதம் இல்லை" என்று எழுதினேன். மேடம் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சாயங்காலம் மாமா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னா ஆச்சு ரிசல்ட்டு?"

எனக்கு நிஜமாகவே தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் டாக்டர் என்று கூப்பிடும் மனிதரிடம் போய், எனக்கு டியூபைக்கூட ஒழுங்காகக் கழுவத் தெரியவில்லை போலிருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

"எல்லாம் நார்மல் மாமா."

அவர் முகம் அப்படி மலர்ந்தது. திங்கட்கிழமை லாரி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அம்மா கத்தியதற்கு, "பாப்பாவே பாத்துடிச்சு, சும்மா பேஜாரு பண்ணாத" என்றார்.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் மாமாவுக்கு மூச்சு வாங்கி, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு சிறுநீரகமும் அநேகமாகப் போய்விட்டிருந்தது. எவ்வளவு நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். மாமா மூச்சுத் திணறலோடு பெருமையாகச் சொன்னார். "எட்டு மாசம் முன்ன சுத்தமா இருந்துச்சு சார். எங்கக்கா பொண்ணுதான் காலேஜுல டெஸ்ட் பண்ணிச்சு."

டாக்டர் என்னைப் பார்த்து, "அப்போ புரோட்டீன் இல்லையா?" என்றார். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று! இன்றைக்கும் இதை எழுதவே கூசுகிறது.

டாக்டர் வெளியே போனதும் பின்னாலேயே ஓடி, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "சொன்னது நல்லதாப் போச்சு. இவ்ளோ வேகமா எப்படிக் கெட்டுச்சுன்னு வேற ஏதாவது காரணம் தேட இருந்தேன்" என்றார். அப்போதே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். காப்பாற்றியிருக்கலாம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் மாத்திரையிலேயே சில வருஷம் ஓட்டியிருக்கலாம் என்றார்.

மாமாவிடம் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது. டயாலிசிஸ் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். "போனாப் போது பாப்பா" என்பார் என்று ஒரு நப்பாசை. அவர் அப்படிச் சொல்லவில்லை. கையில் ஊசி ஏறிய இடத்துப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி சொன்னார்.

"டவுட்டா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போயிருப்பேனே. லீவுகூட கேட்டு வச்சிருந்தேனே."

அதன்பிறகு ஐந்தாறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பேசாதது நியாயம்தான். இப்போது பேசுகிறார். வாரம் இரண்டு நாள் நான்தான் டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். லாரியை விட்டுவிட்டார். ரிப்போர்ட்டை என் கையில் கொடுக்கும்போது மட்டும், "கீறத கீற மாதிரி சொல்லு" என்பார், உள்ளதை உள்ளபடி. ஒவ்வொரு முறையும் சொல்கிறார், ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று குத்துகிறது.

நான் டிகிரியை முடித்து இப்போது ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். சந்தேகம் வந்தால் சாம்பிளை மறுபடி கேட்க நான் கூச்சப்படுவதே இல்லை, கூட இருப்பவர்கள் கேலி செய்தாலும். ஆனால் அன்று வாசலில் நின்ற மாமாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது, "சரியாத் தெரியல மாமா, எதுக்கும் ஆஸ்பத்திரியில காட்டிடு" என்ற ஒற்றை வரிதான். அதைச் சொல்ல எந்தப் படிப்பும் தேவைப்பட்டிருக்காது.