ஏகமனதாக

லேக் மார்க்கெட் பக்கத்தில் இருந்த எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஆண்டுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை முதல் நாளே எழுதிவிடுவோம். யாருக்கும் அது விசித்திரமாகப் பட்டதில்லை. பதினெட்டு வருஷமாகச் சந்தானம் சார்தான் செயலாளர். கூட்டம் முடிந்ததும் பந்தி. அப்புறம் உட்கார்ந்து எழுத யாருக்குப் பொறுமை இருக்கிறது?

எழுதுவது சாவித்திரி டீச்சர். காளிகாட்டில் ஒற்றை அறை, டிராம் சத்தம், தனி வாழ்க்கை. பாதிப் பேச்சில் ஜன்னல் பக்கம் திரும்பி எங்கோ போய்விடுவார். சங்கத்து வாசகசாலைதான் அவருக்கு மாலை நேரத்து வீடு. சாவியைச் சந்தானம் சார் அவரிடமே கொடுத்திருந்தார். சார் நல்லவர்தான், யாரும் எதிர்த்துப் பேசாதவரை.

பள்ளியில் டீச்சர் எடுத்தது அரசியல் பாடம். சர்வாதிகாரத்துக்குத் துப்பாக்கிகூட வேண்டாமாம், கேள்வி கேட்கிற பழக்கம் விட்டுப்போனால் போதுமாம் என்று என் மகள் மேக்னா வந்து சொல்வாள்.

1999 ஜனவரியில் ஒரு ஞாயிறு. ஏரிப் பனி பதினோரு மணிக்கும் கலையாமல் மண்டபத்துக்குள் மிதந்தது. சாம்பார் வாசனையில் பாதிப் பேர் சொக்கிப்போயிருந்தோம். தானே மறுபடியும் செயலாளர் என்ற தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்று சார் வழக்கம்போலச் சொன்னார். வங்கி மாற்றலில் புதிதாக வந்த குருபிரசாத் தூக்கிவிட்டார். பாவம், நிஜமாகவே கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

சார் சிரித்தார். முதலில் சாப்பிடுங்கள், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். நாங்களும் சிரித்தோம். குருபிரசாத்தின் முகம் சுண்டிப்போயிற்று.

அங்கேயே இலை போட்டார்கள். டீச்சர் மட்டும் நகரவில்லை. முந்தின நாள் மதியம் தானே எழுதிய 'ஏகமனதாக' என்ற சொல்லை, தூக்கம் கலைந்தவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம் வகுப்பில் ஒன்று சொல்லி இங்கே ஒன்று எழுதினேனே என்று பிற்பாடு ஏரிக்கரை பெஞ்சில் என்னிடம் அழுதார். அன்று அழவில்லை. அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'இருவர் எதிர்த்தனர்' என்று எழுதினார்.

கையெழுத்துப் போட வந்த சார் படித்துப் பார்த்தார்.

"ஒருத்தர்தானே கை தூக்கினார், டீச்சர்?"

"நான் தூக்கலை சார். தூக்கியிருக்கணும். அதான் எழுதிட்டேன்."

சார் கையை நீட்டினார். வாசகசாலைச் சாவியை டீச்சர் அதில் வைத்தார்.

நான் நாலடி தள்ளி இலை முன்னால் இருந்தேன். மூன்று என்று திருத்துங்கள் டீச்சர் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் பாயசம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விடச் சொன்னேன்.